ஆணையரின் காதுகள்

தலை வாசலைத் தாண்ட மறுத்தது.

நேராக வைத்துப் பார்த்தார்கள். சாய்த்துப் பார்த்தார்கள். மூக்கு போனது, தாடை போனது. காதுகள் இரண்டும் நிலையில் முட்டிக்கொண்டு நின்றன.

அண்ணன் உள்ளறையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கேட்காத மாதிரி இருப்பதில் அவருக்கு நல்ல பயிற்சி வந்திருந்தது.

அவருக்கு மாநகராட்சியில் வேலை, மனுப் பிரிவில். நீட்டிய மனுவை வாங்குவார், முத்திரை குத்துவார், கட்டோடு சேர்ப்பார். அதற்குமேல் அவர் பொறுப்பில்லை. தெருக்கோடி மருத்துவமனையை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து பேட்டை கொடுத்த மனுக்கள் அத்தனையும் அவர் கைபட்டுத்தான் அலமாரிக்குப் போயின. பிள்ளைத்தாய்ச்சிகள் இனி இரண்டு பஸ் மாறி வேறு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தது. ஆணையரோ கேமரா முன்னால், “அப்படி எந்தக் குறையும் என் காதுக்கு வரலையே” என்றார்.

அந்தக் கேமரா கேபிளுடையது. முன்பு வீடு வீடாக டிவி கேபிள் இழுத்தவன், அதுவே பெயராகிவிட்டது. இப்போது ஒரு செல்போனும் ஒரு மைக்கும் வைத்துக்கொண்டு பேட்டைச் செய்தி சேனல் நடத்துகிறான். அவன் போட்ட வீடியோவை அண்ணனின் தங்கை மூன்று முறை பார்த்தாள். வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டும் கடை அவளுடையது. மருத்துவமனைக்காக மாநகராட்சிக்குப் போகும் ஊர்வலத்துக்கென்று ஆணையரின் தலையை ஆளுயரத்துக்குச் செய்து முடித்திருந்தாள். பிரம்பு வளையம், கம்பி வலை, பசையில் நனைத்த செய்தித்தாள்.

“காது இல்லையாம் பாவம். நாமளே செஞ்சு குடுத்துடலாம்” என்றாள்.

முறம் போல இரண்டு காதுகள் வந்தன. வாசலை அளந்துவிட்டுத்தான் தலையை ஆரம்பித்திருந்தார்கள். காது வந்த பிறகு மறுபடி அளக்க யாருக்கும் தோன்றவில்லை.

அண்ணனுக்கு இதெல்லாம் தெரியாது. அதாவது, தெரியாது என்பது ஏற்பாடு. கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கடப்பார். ஒருநாள் பசை வாளிக்குள் காலை விட்டார். அன்றும் ஒன்றும் தெரியாது என்றுதான் சொன்னார், காலைக் கழுவிக்கொண்டே.

“காதை மட்டும் வெட்டி எடுத்துட்டு, கீழ போய் ஒட்டிட்டா?” இது கேபிள்.

“பசை காய ஒரு நாள் ஆகும்டா. இன்னும் கொஞ்ச நேரத்துல எல்லாரும் கிளம்பிடுவாங்க.”

“டேப் போட்டு ஒட்டு.”

“முதல்ல உன் காதை அப்படி ஒட்டிப் பாப்போம்.”

அடுப்படியிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தாள். “ஜன்னல் வழியா இறக்குங்களேன். வாசலைவிட அது அகலம். கம்பியைக் கழட்டினா போதும்.”

கூடத்து ஜன்னலுக்கு நேர் எதிரே பேருந்து நிறுத்தம். இந்த நேரத்தில் மாநகராட்சி ஊழியர்களில் பாதிப் பேர் அங்கேதான் நிற்பார்கள். ஆணையரின் தலை எந்த வீட்டிலிருந்து இறங்கியது என்று மூன்றாவது மாடியை அண்ணாந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

“வேண்டாம் அண்ணி. அண்ணன் வேலைக்கு வேட்டு வெச்சிடும்.” தங்கை ரம்பத்தை எடுத்தாள். “காது இல்லாமயே போகட்டும். மூஞ்சி போதும்.”

“காது இல்லாட்டி அது வெறும் பொம்மைக்கா” என்றான் கேபிள்.

“வாயை மூடு.”

அண்ணன் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். முதல்முறையாகத் தலையை நேருக்கு நேர் பார்த்தார். அச்சு அசல் ஆணையர். அவரை அறியாமல் அவர் கை சட்டைக் காலரைச் சரிசெய்தது.

தங்கை ரம்பத்தைக் காதின் அடியில் வைத்திருந்தாள். ரம்பம் நகரவில்லை. காதின் உள்மடிப்பு சரியாக வரவேண்டும் என்று அவள் தன் காதையே கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும். மின்விசிறியைப் பார்த்தபடியே அதையும் பார்த்திருந்தார்.

“நிறுத்து” என்றார். “காது தப்பா இருக்கு.”

“என்ன தப்பு?”

“அவருக்குக் கீழ்மடல் தொங்காது. கன்னத்தோட ஒட்டியிருக்கும். தினமும் பாக்கறவன் சொல்றேன்.”

“இத்தனை நாள் ஏன்ணா சொல்லலை?”

“எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே.”

அண்ணி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவர் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“ஸ்க்ரூடிரைவர் எங்க?”

“அண்ணா, எதிர்ல உன் ஆபீஸ் ஆளுங்க...”

“நிப்பாங்க. அவங்களுக்கும் பஸ் வரணும்ல? நீயும் இவனும் கீழ போய் வாங்கிக்கங்க. கயிறை நாங்க பிடிச்சுக்கறோம்.”

கேபிள் படியிறங்கும்போது திரும்பினான். “சார், வீடியோ எடுத்தாகணும். உங்க மூஞ்சி வராமப் பாத்துக்கறேன்.”

“பாத்துக்கோ.”

சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டு கயிற்றை மட்டும் விடுவது என்பது அவர் திட்டம். இரண்டாவது மாடி வரை திட்டம் நடந்தது. அங்கே ஆணையரின் இடது காது யாரோ துணி காயப்போட்ட கொடியில் சிக்கிக்கொண்டது. தலை சுவரில் போய் இடிக்க, அவர் இடுப்பு வரை வெளியே குனிந்து கயிற்றைச் சுவரிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

நிறுத்தத்தில் இருந்தவர்கள் எல்லோரும் மேலே பார்த்தார்கள். முதலில் ஆணையரை. பிறகு அண்ணனை.

அவர்களுக்கு நடுவே அவருடைய பிரிவின் கண்காணிப்பாளர் அம்மா நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மா சிரித்து அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை. அண்ணன் தன் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். இழுத்தால் பிடி தளரும், ஆணையர் தெருவில் போய் விழுவார். கையால் முகத்தை மறைக்கலாம் என்றால் இரண்டு கையிலும் கயிறு. இடமாற்றம், விளக்கம் கேட்டு ஓலை, எல்லாம் கண்முன் வந்து வரிசையில் நின்றன.

“விட்டுறாதீங்க” என்றாள் அண்ணி, அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

“கயிறையா, வேலையையா?”

“ரெண்டையும்தான்.”

கீழே அந்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சாலையில் போன வண்டிச் சத்தத்தை மீறிக் கத்தினார். “பத்து மணிக்கு சீட்டுல இருக்கணும், ஞாபகம் இருக்கா?”

“இருக்கு மேடம்!”

“அப்ப வலது பக்கக் கயிறை லூஸ் விடுங்க. காது மாட்டிக்கிட்டிருக்கறது தெரியல?”

விட்டார். தலை ஒரு சுற்றுச் சுற்றியது. காது, காயப்போட்டிருந்த ஒரு குளியல் துண்டை மட்டும் இழுத்துக்கொண்டு கொடியிலிருந்து விடுபட்டது. பேருந்து வந்தது. அந்த அம்மா திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனார்.

அண்ணன் பையோடு கீழே இறங்கியபோது தலையை மூன்று கழிகளில் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். துண்டு இன்னும் காதில் தொங்கிக்கொண்டிருந்தது. தங்கை அவரைப் பார்த்தாள். அவர் சட்டையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள்.

கேபிள் செல்போனோடு வந்தான். “சார், மன்னிச்சுக்கங்க. பாதி வீடியோவுல உங்க மூஞ்சிதான் பளிச்சுனு இருக்கு. வெட்டிடறேன்.”

அவர் வாங்கிப் பார்த்தார். ஜன்னலில் தொங்கிக்கொண்டு பல்லைக் கடித்தபடி ஒரு ஆள். அடையாளம் தெரியாமல் போக வாய்ப்பே இல்லை.

“அந்தம்மா குரல் கேக்குதா இதுல?”

“நல்லா கேக்குது.”

“அதை வெட்டிடு. பாவம், அவங்களுக்கு எதுக்கு வம்பு.”

“உங்க மூஞ்சி?”

“அது இருக்கட்டும்.”

கேபிள் தங்கையைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த பேருந்தைக் காணோம். “நேரமாச்சு, கிளம்பறேன்” என்றார் அண்ணன்.

“எங்க?”

“ஆபீஸுக்கு.”

“நாங்களும் அங்கதான்ணா போறோம். இடது கழியைப் பிடிக்க ஆள் இல்லை.”

அவர் பையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக் கழியைப் பிடித்தார். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.