புட்டியின் மேல் என் கூந்தல்

கல்யாணமான புதிதில் என் கூந்தல் முழங்காலைத் தொடும். மாமியார் சௌதாமினியம்மா என்னைத் திரும்பி நிற்கவைத்துப் படம் எடுத்து, தான் காய்ச்சி விற்கும் எண்ணெய்ப் புட்டிகளில் ஒட்டிவிட்டார். கொடுங்கல்லூரில் என் முகத்தை அறியாதவர்களுக்குக்கூட என் முதுகைத் தெரியும்.

நான்கு வருடம், தினமும் குளிக்குமுன், அந்த எண்ணெயைத் தன் கையாலேயே என் தலையில் ஊற்றினார். அரிப்பு வந்தது, இன்னும் ஊற்றினார். கறுப்பு ரவிக்கையில் தேங்காய்ப்பூ மாதிரி பொடுகு உதிர்ந்தது, இன்னும் ஊற்றினார். கூந்தல் எலிவாலாகிவிட்டது. கடைசியில் திருச்சூரில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன்.

"முதல்ல எண்ணெயை நிறுத்துங்க. உங்க பொடுகுக்கு அதுதான் தீனி. இந்த மருந்து ஷாம்பூவை வாரம் ரெண்டு தடவை தேய்ச்சு, அஞ்சு நிமிஷம் விட்டுக் கழுவுங்க" என்றார்.

மறுநாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்த மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாம் அம்மே."

"எண்ணெய் வைக்காத தலையும் ஒரு தலையாடீ? ஊரே சிரிக்கும்!"

"சிரிக்கறவங்களா வந்து எனக்குச் சொறிஞ்சுவிடப் போறாங்க?"

மூன்று வாரத்தில் அரிப்பு அடங்கியது. முடிதான் வளரவில்லை. அதற்குள் ஓணச் சந்தை வந்துவிட்டது. எங்கள் கடையில் எனக்கு ஒரே வேலை, வாங்க வருபவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்வது. மாமியார் ஒரு நீளச் சவுரியைக் கொண்டுவந்து, கொண்டை ஊசிகளால் குத்தி மாட்டினார். ஆறிக்கொண்டிருந்த தோலில் ஊசி பட்டதும் கண்ணில் நீர் வந்தது.

"இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ மோளே. குடும்ப மானம்."

பொறுத்துக்கொண்டேன். என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

சற்று நேரத்தில் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"சேச்சி, எனக்குத் தலை பூரா பொடுகு. அரிப்பு தாங்கல, முடியும் கொட்டுது. இதைத் தேய்ச்சா உங்க முடி மாதிரி ஆகுமா?"

"ஆகுமாவா? எங்க மருமக ரெஜிதாவையே பாரேன்!" என்றார் மாமியார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊசிகளை உருவினேன். சவுரியைக் கழற்றிப் புட்டிகளுக்கு நடுவே போட்டேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டு அந்தப் பெண்ணுக்கு நேராக உட்கார்ந்தேன். வகிடு அகன்று தோல் தெரிவது எனக்கே தெரியும்; தெரியட்டும்.

"என் முடி மாதிரியே ஆகும்மா. நல்லாப் பாத்துக்கோ. நேரா ஒரு தோல் டாக்டர்கிட்டப் போ."

மாமியாருக்கு முகம் வெளிறிவிட்டது.

"எடீ, திரும்பி உட்காரு! எல்லாரும் பாக்கறாங்க!"

"பாக்கட்டும் அம்மே. நாலு வருஷமா முதுகைத்தானே பாத்தாங்க."

சந்தை கலையும்வரை நான் திரும்பவே இல்லை.