ஒரே வரிசையில் நாலு நாற்காலி

எங்கள் அப்பாவும் அம்மாவும் பிரிந்தபோது வீட்டைப் பங்கு போட்டார்கள், புத்தகங்களைப் பங்கு போட்டார்கள், என்னைக்கூடப் பங்கு போட்டார்கள். பாரிஸின் உணவகங்களை மட்டும் விட்டுவிட்டார்கள். அதன் பலனாக ஏப்ரல் மாதத்து வகுப்புகளை விட்டுவிட்டு நான் உணவகங்களின் வெளித்தளம் வெளித்தளமாக ஏறி இறங்க வேண்டியதாயிற்று.

அக்கா க்ளோதில்டுக்கு ஜூனில் கல்யாணம். அதற்கு முன் ஒரு ஒத்திகை வேண்டும் என்றாள்.

"ரெண்டு பேரையும் ஒரே மேசையில உட்கார வெச்சுப் பாக்கறேன். காபி வர்ற வரைக்கும் எந்திரிக்காம இருந்தா பத்திரிகை அனுப்புவேன். நடுவுல யாராவது நாப்கினை வீசிட்டுப் போனா, நானும் அவரும் நகரசபையில கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுவோம். அப்பாவும் கிடையாது, அம்மாவும் கிடையாது. இடத்தை நீ பாருடா, ஒரேலியன்."

"நான் ஏன்?"

"நீதான் காலேஜ் படிக்கறே. வேற வேலை இல்லையே."

அப்பா பல் மருத்துவர். "நாலு சுவத்துக்குள்ள உங்கம்மாகூட உட்கார மாட்டேன்" என்றார். அம்மா நடன ஆசிரியை. "வெள்ளை விரிப்பு இல்லாத மேசைக்கு நான் வர மாட்டேன்" என்றாள். ஆக, திறந்தவெளியும் வேண்டும், நேர்த்தியும் வேண்டும்.

நகரத்தில் அப்படிப்பட்ட இடங்களுக்குப் பஞ்சமில்லை. சண்டை நடக்காத இடத்துக்குத்தான் பஞ்சம்.

ஆற்றங்கரையில், மரநிழலில் ஒரு தளம் பார்த்தேன். அம்மா போனிலேயே முகம் சுளித்தாள். "அங்கயா? அங்கதான் உங்கப்பா சிப்பி சரியில்லைன்னு திருப்பி அனுப்பினார்."

"அனுப்பினா என்னம்மா?"

"அது என் சிப்பிடா."

கொடிப்பந்தலும் நீரூற்றுமாக ஒரு தோட்ட உணவகம் இருந்தது. "அங்கதான் உங்கம்மா என் கொழுப்பு அளவைப் பரிமாறுறவன்கிட்டச் சொன்னா" என்றார் அப்பா. "அவன் வெண்ணெயை எடுத்துட்டுப் போயிட்டான்." ஊரே காலடியில் தெரிகிற ஒரு மாடித்தளத்தில் அவர்கள் சண்டை போட்டதே இல்லை. அம்மாவுக்குத் தலைசுற்றும் என்பதால் அங்கே போனதும் இல்லை.

பிரிவுக்கு வக்கீல்கள் எழுதிய காரணங்கள் வேறு. உண்மையான காரணங்கள் இரண்டு. அப்பா தட்டில் மிஞ்சிய சாஸைக் கையில் பிடித்த ரொட்டியால் பளபளவென்று துடைத்துத் தின்பார், எவ்வளவு பெரிய இடமானாலும். அம்மா முக்கோணப் பாலாடைக்கட்டி வந்தால் அதன் கூர் நுனியை முதலில் வெட்டித் தன் தட்டில் வைத்துக்கொள்வாள். அதுதான் ருசியான பாகம். ஆகவே அதைத் தனியாக யாரும் எடுக்கக்கூடாது. எங்கள் ஊரில் இதைவிடச் சின்ன விஷயங்களுக்கெல்லாம் ஆட்கள் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

கடைசியில் ஒரு சதுக்கத்தின் மூலையில், ஜனவரியில்தான் திறந்த உணவகம் கிடைத்தது. புதிய இடம், வரலாறே இல்லை. மரத்தடியில் வட்டமேசை. பரிமாறுபவர் ஃபிர்மேனிடம் கேட்டேன்: "நடுவுல வைக்கப் பெரிய பூச்சாடி இருக்கா?"

"எவ்வளவு பெரிசு, மெஸ்யூ?"

"உட்கார்ந்தா எங்கப்பா அளவுக்கு."

அவர் முகம் மாறாமல் குறித்துக்கொண்டார்.

ஒத்திகை நடந்த அன்று சாயங்காலம்தான் அந்த வருடத்தின் முதல் நல்ல வெயில் அடித்தது. ஊரே கோட்டைக் கழற்றிவிட்டு வெளியே வந்துவிட்டது. எங்கள் வட்டமேசையில் ஒரு பிறந்தநாள் கூட்டம் உட்கார்ந்துகொண்டு எழுந்திருப்பேனா என்றது. நானும் அக்காவும் ஃபிர்மேனிடம் கெஞ்சிவிட்டுத் திரும்பினால், அப்பாவும் அம்மாவும் தெருவோர வரிசையில் இடம் பிடித்திருந்தார்கள். அங்கே நாற்காலிகள் எல்லாம் தெருவைப் பார்த்தபடிதான் இருக்கும், நாடகம் பார்க்கிற மாதிரி. இருவரும் பக்கத்துப் பக்கத்தில்.

"போச்சு" என்றாள் அக்கா. இரண்டு ஓரத்திலும் காவலுக்கு நாங்கள் உட்கார்ந்தோம்.

முதல் தட்டு வந்து போனது. அப்போது பட்டுக் கழுத்துத்துணி கட்டிய ஒருவர் சிரித்துக்கொண்டே கடந்து போனார்.

"மேல் வரிசையில நாலும் பொய்ப்பல்" என்றார் அப்பா, தெருவிடம்.

"இடுப்பும் பொய்தான்" என்றாள் அம்மா, அதே தெருவிடம்.

அடுத்து ஒரு பெண், சின்ன நாயுடன்.

"நாய் அழகா நடக்குது" என்றாள் அம்மா. "அவ அதைப் பாத்துக் கத்துக்கணும்."

அப்பா சிரித்துவிட்டார். அம்மா அதைப் பார்க்கவில்லை, காதில்தான் கேட்டாள். பார்க்கிற வசதி இல்லாததால் வாத்துக்கறித் தட்டை அப்பா ரொட்டியால் மெருகேற்றியதும் அவளுக்குத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஃபிர்மேன் ஒரு பூதாகரமான சாடியைக் கட்டிக்கொண்டு வந்தார். பூக்களுக்கு இடையிலிருந்து குரல் வந்தது: "உங்க வட்டமேசை காலியாயிடுச்சு, மெஸ்யூ."

"வேண்டாம்" என்றார்கள் அப்பாவும் அம்மாவும். ஒரே சமயத்தில் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்ட அதிர்ச்சியில் இருவரும் கொஞ்ச நேரம் தண்ணீர் குடித்தார்கள்.

பிறகு பாலாடைக்கட்டி வந்தது, கீரை சாலட்டோடு. முக்கோணம். கூர் நுனி அம்மாவைப் பார்த்து இருந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

அம்மாவின் கத்தி நுனிக்குப் போனது. வெட்டியது. அப்பா தலையைத் திருப்பிப் பார்த்தார். அன்று முதன்முறையாக, நேராக. அவர் கை மடியிலிருந்த நாப்கினுக்குப் போனது.

நாப்கினைத் தாண்டி, ரொட்டிக் கூடைக்குப் போனது. ஒரு பெரிய துண்டைப் பிய்த்தார். சாலட் தட்டில் மிஞ்சியிருந்த எண்ணெயையும் காடியையும் அவள் நன்றாகப் பார்க்கும்படி, நிதானமாக, ஓரம் ஓரமாகத் துடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அம்மா பார்த்தாள். தன் தட்டிலிருந்த நுனியை இரண்டாக வெட்டி, பாதியை அவர் பக்கம் தள்ளினாள்.

"தின்னு, கஸ்பார். அப்புறம் அந்தத் தொப்பிக்காரனைப் பாரு, வாத்து மாதிரி வர்றான்."

"பல்லும் அப்படித்தான், ஸொலாஞ்ச்."

காபி வந்தது. இரண்டாவது காபியும் வந்தது.

"கல்யாணத்துல எங்களை எங்கடி உட்கார வைப்பே?" என்றாள் அம்மா.

"எங்க வேணும்மா?"

"இப்படியே. வாசலைப் பாத்தாப்பல."

"பக்கத்துப் பக்கத்துல போடு" என்றார் அப்பா. "எனக்கு நடை பத்தித் தெரியாது, அவளுக்குப் பல்லு பத்தித் தெரியாது."

திங்கட்கிழமை பத்திரிகைகள் போயின. மாப்பிள்ளை வீட்டாருக்கு நான் எதுவும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவருக்கு மட்டும், ஜூனுக்குள் அந்த விழுந்துபோன முன்பல்லைக் கட்டிக்கொள்வது நல்லது என்று தகவல் அனுப்பியிருக்கிறேன்.