கார் ஷெட்டுக்கு இரண்டு துளைகள்

1

“இங்கே யாரு மேடம் இருக்காங்க?”

“யாரும் இல்லையே. பழைய சாமான் போட்டு வச்சிருக்கோம்.”

“சாமானுக்குக் குளிருதுன்னா காஸ் ஹீட்டர் வச்சிருக்கீங்க?”

மலைக்குளிர் உள்ளே வராதபடி கார் ஷெட்டின் ஷட்டரை இறுக்க வந்தவர் சிரிக்காமல்தான் கேட்டார். இந்தக் கதை பிறந்தது அந்தக் கேள்வியில். “அக்கா இருக்காங்க” என்று தரையைப் பார்த்துச் சொன்னேன்.

“அப்படிச் சொல்லுங்க. அடியிலயும் பக்கத்துலயும் ரப்பர் பட்டை போட்டுடறேன், எறும்புகூட நுழையாது. ஆனா சுவத்துல கீழ ஒரு துளை, மேல ஒரு துளை, வலை அடிச்சு விட்டுருவேன். மேல இருக்கறதை மட்டும் எதுக்காகவும் அடைச்சுடாதீங்க. ஹீட்டர் எரியற இடம். மனுஷி மூச்சு விடணும்ல?”

2

இதை எழுத மூன்று தொடக்கங்கள் முயன்றேன்.

‘வேலை போன மைத்துனன் ஒருவன் கார் ஷெட்டில்…’ வேண்டாம். ஆணென்றால் உங்களுக்குப் பரிதாபம் குறைந்துவிடும். எனக்கு அது வசதி.

‘வாடகைக்கு வந்த தையல்காரி…’ வாடகை வாங்கினால் என் தப்பு பாதியாகிவிடும்.

‘அக்கா தானாகவே கார் ஷெட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள், ஏனென்றால்…’

(இதை முடிக்க வரவில்லை. அவள் கேட்கவில்லை. புருஷனை விட்டுவிட்டு ஒரு தையல் மெஷினோடு வந்து நின்றவளிடம், “இங்கே விசாலமா இருக்கும்க்கா” என்று நான்தான் சொன்னேன். மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. அதில் என் மேசையைப் போட்டேன்.)

3

என் நாவல்களைப் படித்தவர்களுக்குத் தெரியும்: கடைசி அத்தியாயத்தில் சமையலறையில் யாராவது யாரையாவது கட்டிக்கொண்டு அழுவார்கள்.* அந்த மாதிரி ஒன்றைத்தான் மாடியில் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு சகோதரிகளின் கதை. நேர்கீழே அக்கா தைப்பாள். மேல் துளை என் ஜன்னலுக்கு ஒரு முழம் கீழே. கடகடவென்று மெஷின் சத்தம் நேராக என் வாக்கியத்துக்குள் வந்து விழும்.

அக்காவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் நான் கெட்டவளாகிவிடுவேனே! என் பெயருக்குப் புத்தகம் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, வெளியிலிருந்து ஏணி போட்டு, மேல் துளையில் ஒட்டினேன். காலை பத்திலிருந்து ஒன்று வரைதான். எழுதி முடித்ததும் எடுத்துவிடுவேன். அவளுக்குத் தெரியாது.

*ஒரு வாசகி எழுதியிருந்தார்: ‘உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு!’ அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

4

அன்று அத்தியாயம் தானாக ஓடியது. ஒரு மணி ஆனது தெரியவில்லை. இரண்டும் ஆனது. கீழே மெஷின் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. அப்பாடா என்று (இந்த இடத்தில் ‘பதறிப்போய்’ என்று எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன்) இன்னும் ஒரு பக்கம் எழுதினேன்.

சாப்பிடக் கூப்பிடப் போனேன். ஷட்டரைத் தூக்கினால், அக்கா பாதி தைத்த ரவிக்கையின் மேல் தலையைச் சாய்த்துக் கிடந்தாள். வாசலுக்கு இழுத்து வந்து உட்கார வைத்தேன். வாந்தி எடுத்தாள். “தலை வெடிக்குதுடி” என்றாள். அட்டை அப்போதும் துளையில்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: “ஹீட்டர் வச்சிருக்கீங்களே, காத்து வர வழி இருக்கா?”

“இருக்கே டாக்டர்! என் தங்கச்சி ஆள் வச்சுப் பண்ணிக் குடுத்தா. ரெண்டு துளை.”

பக்கத்தில் நின்ற நான் தலையாட்டினேன்.

இந்தப் பாத்திரத்தை உங்களுக்குப் பிடிக்கிறதா? எனக்குப் பிடிக்கவில்லை. இருபது வருடம் நல்ல பெண்களை எழுதியவளுக்கு, ஒரு கோழையை எழுதக் கண்ணாடி பார்த்தாலே போதும் என்று தெரியாமல் போயிற்று.

5

முடிவுகள்.

அ) நான் உண்மையைச் சொல்ல, அக்கா மன்னித்துக் கட்டிக்கொள்கிறாள். (இதற்கு என் பதிப்பாளர் சந்தோஷப்படுவார்.)

ஆ) நான் அட்டையை எடுத்து எரித்துவிடுகிறேன், அக்காவுக்குக் கடைசிவரை தெரியாது. (திரும்பி வந்ததும் இதற்குத்தான் ஏணியைத் தேடினேன்.)

இ) நடந்தது.

ஏணியை நான் சாத்துவதற்குள் அக்கா அண்ணாந்து பார்த்துவிட்டாள். அட்டையில் என் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. வெகுநேரம் படித்தாள், ஏதோ நீளமான பெயர்போல.

“சத்தம் தொந்தரவா இருந்துச்சா?”

“அக்கா, நான்…”

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ராத்திரில தைச்சிருப்பேனேடி.”

திட்டியிருக்கலாம். அறைந்திருக்கலாம். அதற்கெல்லாம் என்னிடம் வசனம் இருந்தது.

நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுதப்போவதில்லை. எழுதினால் அழகாக்கிவிடுவேன். என் இடத்தில் நின்று நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். அக்கா சொன்னதை மட்டும் ஓர் எழுத்து மாற்றாமல் தருகிறேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறினாள். என் அறை வாசலில் நின்று மூச்சு வாங்கினாள்.

“மூணு வருஷமா கேக்கணும்னு இருந்தேன். இந்த ரூமை எனக்குக் குடு. நீ கீழே போய் எழுது.”