மழை போதும், அந்தோனியாரே

என் நண்பன் யோசெப்பின் மகள் றொஷினி, கனடாவின் மேற்கே சஸ்கச்சுவானில் எண்ணூறு ஏக்கர் நிலம் குத்தகைக்கு எடுத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டபோது, நான் மொன்றியலில், லாசாலில் என் வீட்டுப் பால்கனியில் நின்று இரண்டு மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். எண்ணூறு ஏக்கர்! அங்கே ஒரு மூலையில் நின்று சாப்பிடக் கூப்பிட்டால், சத்தம் மறுமூலைக்கு வந்துசேர அடுத்தநாள் மத்தியானம் ஆகும். நான் போய்ப் பார்த்ததில்லை. ஆனால் மாவு ஆலையில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவன். அந்தப் பக்கத்துக் கோதுமையில் பாதி என் மூக்கு வழியாகத்தான் போயிருக்கிறது. ஆகவே கருத்துச் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு.

றொஷினி விவசாயம் படித்தவள். கணவன் ஜெராட் மெக்கானிக். மூன்று வருடக் குத்தகையில் முதல் இரண்டு வருடமும் வறட்சி தின்றுவிட்டது. இந்த மூன்றாம் வருடமும் பொய்த்தால் நிலத்தைப் பக்கத்துப் பெரிய பண்ணைக்குக் கொடுத்துவிடப்போவதாக நிலத்துக்காரக் கிழவர் சொல்லிவிட்டார். சரியாக விளைந்தால், இன்னும் ஐந்து வருடத்துக்கு எழுதிக் கொடுப்பாராம்.

அந்த வசந்தத்தில் பார்த்து யூரியா விலை ஏறியது. ஏறியது என்றால் சும்மா இல்லை, சந்திரனுக்கு ஆள் அனுப்புகிறவர்கள் வந்து பாடம் கேட்டுப்போகிற மாதிரி ஏறியது. டீசலும் அதன் பின்னாலேயே ஏணி வைத்தது. யோசெப்பின் குசினி மேசையில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நாங்கள் சுற்றி இருந்தோம்.

"நான் ஐந்நூறு ஏக்கர் பருப்பு விதைக்கப்போறன் மாமா," என்றாள் றொஷினி. நாங்கள் சோற்றுக்கு வைக்கிற அதே சிவப்புப் பருப்புத்தான். "முந்நூறு ஏக்கர்தான் கோதுமை. பருப்புக்கு யூரியா தேவையில்லை. அதின்ர வேரில சின்னச் சின்ன முடிச்சு இருக்கு. காத்தில இருந்து தனக்கு வேண்டிய பசளையைத் தானே பிடிச்சுக்கொள்ளும்."

"ஒருத்தரிட்டயும் ஒண்டும் கேக்காதோ?"

"கேக்காது மாமா."

"அப்ப உன்ர அப்பா அதைத்தான் மருமகனா எடுத்திருக்கவேணும்."

பின்னாலிருந்து ஜெராட் கத்தினான். "மாமா, எனக்குக் கேக்குது!"

விதைத்தார்கள். முளைத்தது. பிறகு மழை நின்றுவிட்டது. யூன் மாதம் பிறந்தும் ஒரு துளி இல்லை. யோசெப் மொன்றியல் வானத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். போனில் சஸ்கச்சுவான் வானம்தான் அவனுக்கு வானம். ஒருநாள் லாசாலில் கொட்டுகொட்டென்று கொட்டுகிறது, குடையில்லாமல் வந்து என் வாசலில் நிற்கிறான். மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டுகிறது. "மச்சான், இண்டைக்கும் நெருப்பு வெயில்," என்கிறான்.

அன்றைக்குத்தான் புனித அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தான். பதின்மூன்று செவ்வாய்க்கிழமை, ஒன்றும் விடாமல் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தி, பிள்ளையின் நிலத்துக்கு மழை கேட்பது. நான் சைவ சமயத்தவன். ஆனாலும் கூடப் போனேன். செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு வேறு வேலை இல்லை. தவிர, கோயிலால் வந்ததும் அவன் மனைவி சிசிலி கிழங்கு வைத்துச் சுருட்டி றோல்ஸ் பொரிப்பாள். அவளுடைய றோல்ஸுக்காக நான் எந்தச் சமயத்துக்கும் ஆறு மாதம் லீவில் போய்வரத் தயார்.

மூன்றாம் செவ்வாய் அங்கே மழை வந்தது. அடுத்த கிழமையும் வந்தது. பருப்பு பூத்தது. றொஷினி அனுப்பிய படத்தில் அடிவானம் வரைக்கும் பச்சை. யோசெப் அந்தப் படத்தை லாசாலில் உள்ள எல்லோருக்கும் காட்டினான். பஸ் சாரதிக்குக் காட்டினான். மூலையிலிருக்கும் தெப்பனர் என்கிற சில்லறைக் கடைக்காரர், பால் வாங்க வந்த மனிதன் தன் பருப்பைப் பற்றி ஏன் கண்கலங்குகிறான் என்று விளங்காமல் "மெர்ஸி, மெர்ஸி" என்று நன்றி சொன்னாராம்.

பத்தாம் செவ்வாய், ஓகஸ்ட் நடுப்பகுதி. நான் நாலாவது றோல்ஸில் இருந்தபோது போன் வந்தது.

"அப்பா, அந்த நேர்த்தி இன்னும் நடக்குதோ?"

"ஓம் பிள்ளை. பத்து முடிஞ்சுது. இன்னும் மூண்டுதான்," என்றான் யோசெப் பெருமையாக.

"ஐயோ அப்பா, நிப்பாட்டுங்கோ!"

பருப்பு முற்றிவிட்டது. இனி அதற்கு வெயில்தான் வேண்டும். நனைந்துகொண்டே நின்றால் காய் வெடிக்கும், பருப்பில் கறை விழும், விலை பாதியாகும். அறுவடை இயந்திரம் சேற்றில் புதையும். அங்கே நாலு நாளாக விடாத மழை.

யோசெப் மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தான். முதலிலேயே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். யூனில் தொடங்கிய பதின்மூன்று கிழமை செப்டெம்பரில் போய்த்தான் முடியும், நேரே அறுவடைக்கு நடுவில். இரண்டு மாதமாக நானும் எண்ணவில்லை, றோல்ஸைத்தான் எண்ணினேன்.

"நிப்பாட்ட ஏலாது," என்றாள் சிசிலி. "பதின்மூண்டு எண்டு நேர்ந்தா பதின்மூண்டுதான். புனிதரோட விளையாடுறதோ?"

"அப்ப நான் எங்கட பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்கட்டோ? அவர் மழையைப் பிடிச்சு வச்சிருப்பார்."

"ரெண்டு பேரையும் சண்டைக்குக் கொழுவி விடாதேங்கோ அண்ணை!"

யோசெப் சிரிக்கவில்லை. "நான்தான் மச்சான் பிள்ளையின்ர விளைச்சலைக் கெடுத்துப்போட்டன்," என்றான். நாற்பது வருடப் பழக்கத்தில் அந்தக் குரலை அன்றுதான் கேட்டேன். ஐந்தாவது றோல்ஸை எடுக்கப் போன கையைத் திருப்பிக்கொண்டேன் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

ஒருவழியாகச் சிசிலியே தீர்ப்புச் சொன்னாள். செவ்வாய்களைக் குறைக்கக் கூடாது. ஆனால் மழை போய்ச்சேர வேண்டிய இடத்தை மாற்றிக் கேட்கலாம். வரும் செவ்வாய், மழையை லாசாலுக்குத் திருப்பிவிடச் சொல்லிக் கேட்பது என்று முடிவாயிற்று.

ஆனால் சனிக்கிழமையே றொஷினி மறுபடி எடுத்தாள். வானம் வெளித்திருந்தது. செவ்வாய் திரும்பவும் மழையாம். இடையில் மூன்று நாள்தான்.

"பருப்பில ஈரம் இன்னும் கூட அப்பா. பக்கத்துக் காணிக்காரர் எல்லாரும் காயட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிக்கினம். இப்ப வெட்டினா இரும்புக் குதிருக்குள்ள போட்டு, சூடான காத்தடிச்சுக் காயவைக்கவேணும். காஸ் செலவு வேற."

"செவ்வாய் வரைக்கும் பொறு பிள்ளை. நான் அவரோட கதைக்கிறன்."

"நீங்கள் அவரோட கதையுங்கோ அப்பா. நான் மெஷினை எடுக்கிறன்."

போனை வைத்துவிட்டாள்.

அந்த மூன்று நாளும் யோசெப் சாப்பிட்டது ஒரு குருவிக்குக்கூடப் போதாது. நிலவரத்தைக் கேட்கவும் துணிவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. ஜெராட்டிடமிருந்து மட்டும் ஒரு செய்தி: பெல்ட் அறுந்தது, மாற்றிவிட்டோம், ஓடுகிறது.

பதினோராம் செவ்வாய் யோசெப் முழங்காலில் நின்று, பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கும்படி லாசால் முகவரியைத் தபால் இலக்கத்தோடு சொன்னான். கோயிலால் வெளியே வரவும் மழை பிடித்தது. அப்பப்பா! வாழ்நாளில் அப்படி ஒரு மழை நான் கண்டதில்லை. என் வீட்டு பேஸ்மெண்டில் ஃபிரீசர் கப்பலாகி மிதந்தது. இன்னும் ஒரு மணித்தியாலம் பெய்திருந்தால் அதில் ஏறியே நான் டவுன்டவுனுக்குப் போயிருப்பேன்.

"மாத்திவிட்டுட்டார் மச்சான்!" என்று யோசெப் நனைந்தபடி குதித்தான்.

போன் அடித்தது.

"அப்பா, இங்க மழை கொட்டுது," என்றாள் றொஷினி.

புனிதர் கேட்ட இடத்துக்கும் அனுப்பிவிட்டார், பழைய இடத்தையும் மறக்கவில்லை.

"ஆனா பருப்பு முழுக்க உள்ளுக்க வந்திட்டுது. கடைசி இருபது ஏக்கர் மட்டும் சேத்துக்குள்ள. மிச்சம் எல்லாம் குதிருக்குள்ள, விசிறி ஓடுது."

யோசெப் கோயில் படியில், அந்த மழையில், அப்படியே உட்கார்ந்துவிட்டான். நானும் பக்கத்தில் இருந்தேன். இரண்டு கிழவர்கள் நனைந்த கோழிகளைப் போல் இருந்து அழுததை அவ்வழியால் போன ஒரு பெண்மணி பார்த்து, உதவி வேண்டுமா என்று பிரெஞ்சில் கேட்டாள்.

கோதுமையில் ஒரு பகுதி நின்ற நிலையிலேயே முளைவிட்டு, மாட்டுத் தீனி விலைக்குத்தான் போனது. அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் காத்திருந்தவர்களின் பருப்பு கறுத்துப்போக, றொஷினியின் பருப்பு நல்ல தரம் என்று எழுதி வந்தது. நிலத்துக்காரக் கிழவர் குதிருக்குள் முழங்கைவரை கையை விட்டு, ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தாராம். ஐந்து வருடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

"அடுத்த வருசம் அந்தப் பருப்புத் தரையில கோதுமை போடுவன் மாமா. வேர் விட்டுட்டுப் போன பசளை அப்பிடியே மண்ணுக்க கிடக்கு. யூரியா குறையத்தான் வாங்கவேணும்."

"அப்ப பிள்ளை, மிச்சச் செவ்வாய்க்கு நான் என்னத்தைக் கேக்கிறது?" என்றான் யோசெப் பயந்து பயந்து.

"மழையைப் பற்றி வாயே திறக்காதேங்கோ. அந்தக் குறைஞ்ச யூரியாவும் விலை இறங்கோணும் எண்டு கேளுங்கோ."

பன்னிரண்டாம் செவ்வாய் மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு யோசெப் வெகுநேரம் முழங்காலில் நின்றான். எனக்குப் பசி எடுத்துவிட்டது. என்னடா இவ்வளவு நேரம் என்று பக்கத்தில் போய்க் காது கொடுத்தேன். யூரியா என்றால் என்ன, அதை எந்த வாயுவில் செய்கிறார்கள், ஒரு தொன் என்ன விலை என்று, அந்தோனியாருக்கு அவன் ஆதியிலிருந்து விளக்கிக்கொண்டிருந்தான்.