பதிமூன்று வாரத்துக்காரி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். லூசியானாவில் எங்கள் ஊரில் எல்லோருக்குமே நீளம்தான், அதனால் அங்கே அது குறையாகத் தெரிந்ததில்லை. அலாஸ்காவின் அந்த ஆற்றங்கரை ஊருக்கு டிராவல் நர்ஸாகப் போய் இறங்கிய பிறகுதான் என் வாயைப் பற்றி எனக்கே சந்தேகம் வந்தது.

ஐந்து வருடம் உள்ளூர் ஆஸ்பத்திரியில் ஒரே பிரசவ வார்டில் இருந்துவிட்டேன். ஒருநாள் போதும் என்று தோன்றியது. ஆள் இல்லாமல் திண்டாடும் ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ் அனுப்பும் ஏஜென்சியில் பெயர் கொடுத்தேன். ஓர் ஊரில் பதிமூன்று வாரம், பிறகு அடுத்த ஊர். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சேர்த்து வைத்துப் பேசினாள்.

"நம்மூர்ல குழந்தை பொறக்கறதே நின்னு போச்சா? பனிக்கரடிக்குப் பிரசவம் பாக்கப் போறியா?"

"பதிமூணு வாரம்தாம்மா. கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துடுவேன்."

"மூடின கண்ணோடவே போய்த் தொலை."

அப்படிச் சொன்னவள்தான் பெட்டியில் கம்பளிக் காலுறையும் ஒரு டப்பா மிளகாய்ப்பொடியும் எனக்குத் தெரியாமல் வைத்திருந்தாள்.

புது நர்ஸுக்கு ஊரையும் ஆஸ்பத்திரியையும் பழக்க அரை நாள் ஒதுக்கியிருந்தார்கள். மருந்து அலமாரி எங்கே, எந்தக் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், பிரிண்டர் காகிதம் எங்கே இருக்கும் என்று காட்டினார்கள். மத்தியானமே நான்கு நோயாளிகளை என் தலையில் கட்டிவிட்டார்கள். வார்டுப் பொறுப்பைப் பார்த்த சார்ஜ் நர்ஸ் மார்ட்டினா அந்த ஆற்றோரத்திலேயே பிறந்து வளர்ந்த, யூபிக் என்ற பழங்குடியைச் சேர்ந்த பெண்மணி. என் பெயரை இரண்டாம் தடவையாகக் கேட்டார்.

"டெல்ஃபீன்," என்றேன்.

"மறந்துட்டா கோவிச்சுக்காதம்மா. பதிமூணு வாரத்துக்கு ஒருத்தியா வர்றீங்க. பேரு வாய்ல நிக்கறதுக்குள்ள பெட்டியைத் தூக்கிடறீங்க."

வன்மமாகச் சொல்லவில்லை. ஆனாலும் சுருக்கென்றது. எனக்குக் கொடுத்த லாக்கரில் முன்பு இருந்தவளின் பெயர் ஒட்டியிருந்தது. அதை உரித்தால் அடியில் இன்னொருத்தி இருந்தாள். நான் என் பெயரை மேலே ஒட்டிவிட்டு வேலைக்குப் போனேன். எல்லோரும் என்னைப் "புதுசு" என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த வார்டில் ஆள் குறைந்தாலும் முதலில் புதுசைத்தான் தள்ளிவிடுவார்கள். ஒரு சாயங்காலம் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும்வரை நின்று சும்மாவே அழுதேன்.

வந்து பாதிக்கு மேல் வாரங்கள் ஓடியிருந்தபோது நஸ்தாஸியா வந்தாள். ஆறு ஓடும் திசையில் கீழே இருக்கிற கிராமங்களில் பிரசவம் பார்க்க வசதி கிடையாது. நாள் நெருங்குவதற்கு ஒரு மாதம் முன்பே கர்ப்பிணிகளைச் சின்ன விமானத்தில் ஏற்றி இந்த ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே அவர்கள் தங்கிக் காத்திருக்க ஒரு வீடு உண்டு. வீட்டுக்காரன், தாய், தங்கை எல்லோரும் ஊரிலேயே நின்றுவிடுவார்கள். என்னைப் போலவே அவளும் ஒற்றைப் பெட்டியோடு வந்தவள்.

முதல் பரிசோதனை.

"வலி ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். பதில் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குழந்தை நல்லா அசையுதா?"

பதில் இல்லை.

"காலைல சாப்பிட்டீங்களா?"

அதற்கும் இல்லை. ஒருவேளை காது மந்தமோ என்று குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, கையால் வாய்க்குச் சோறு ஊட்டுவதுபோலக் காட்டிக் கேட்டேன். அவள் புருவம் மேலே போனது. என் சத்தத்துக்குப் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்க நாக்கு துடித்தது.

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. மார்ட்டினா தலையை நீட்டினார்.

"ஏம்மா, அந்தப் பொண்ணு எத்தனை தடவைதான் உனக்குப் பதில் சொல்லும்?"

"எங்க சொன்னாங்க?"

"வாயைப் பாக்காத, முகத்தைப் பாரு. புருவத்தைத் தூக்கினா ஆமாம். மூக்கைச் சுருக்கினா இல்லை. இந்த ஆத்தங்கரை முழுக்க இப்படித்தான் பேசுது. உனக்கு யாரும் சொல்லலையா?"

எனக்குப் பிரிண்டர் காகிதம் எங்கே என்று சொல்லியிருந்தார்கள். இத்தனை வாரமாக எத்தனை பெண்களிடம் ஒரே கேள்வியை மூன்று மூன்று தடவை கத்தியிருக்கிறேன் என்று நினைத்ததும் காது மடல் சுட்டது. "மன்னிச்சுடுங்க," என்றேன்.

நஸ்தாஸியா முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "நீங்க சோறு ஊட்டிக் காட்டினது நல்லா இருந்துச்சு." சத்தமில்லாமல் சிரித்தாள். வயிறு மட்டும் குலுங்கியது.

அன்றிலிருந்து லீவு நாட்களில் நான் அந்தக் காத்திருப்பு வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். அம்மாவின் மிளகாய்ப்பொடி போட்டுச் சிவப்புப் பயறும் சோறும் சமைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டு நஸ்தாஸியா இருமினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு வாய் எடுத்தாள்.

"இதைத் தின்னா குழந்தை தானா வெளிய ஓடி வந்துடும்," என்றாள்.

பதிலுக்கு எனக்கு உலர்த்திய சால்மன் மீன் கொடுத்தாள், கொழுப்போடு குழைத்த காட்டுப்பழம் கொடுத்தாள். நான் பத்து பேச்சுப் பேசினால் அவள் ஒன்று பேசுவாள். அது போதுமாக இருந்தது.

ஒரு மத்தியானம், நான் என் அத்தையின் மூன்றாம் கல்யாணத்தைப் பற்றி அளந்துகொண்டிருந்தபோது, அவளாகவே சொன்னாள்.

"இது ரெண்டாவது. மொதல் குழந்தை பெரிய நகரத்துல பொறந்துச்சு. எல்லாரும் மாஸ்க் போட்டிருந்தாங்க. ஒருத்தரும் என்னைப் பாக்கலை, தரையைப் பாத்தாங்க. அழுகைச் சத்தம் வரும் வரும்னு காத்துக்கிட்டே இருந்தேன். வரலை. யாரும் சொல்லலை, நானாத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

அத்தையின் கல்யாணத்தை அங்கேயே விட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்தத் தடவை நல்லதோ கெட்டதோ, ஒடனே சொல்லிடு. தலையைக் குனிஞ்சுக்காத," என்றாள்.

"சொல்றேன்," என்றேன். அது போதாது என்று தோன்றியது. இரண்டு புருவத்தையும் தூக்கினேன்.

"அவ்வளவு தூக்க வேணாம். பேயைக் கண்ட மாதிரி இருக்கு."

குறித்த நாள் வந்தது, போனது. குழந்தை அசையவில்லை என்று சொல்ல முடியாது, நன்றாக உதைத்தது; வெளியே வரத்தான் மனமில்லை. என் பதிமூன்று வாரமும் முடிந்தது. மறுநாள் விமானம். அடுத்த வேலை அரிசோனாவில் தயாராக இருந்தது, நடுவில் நான்கு நாள் வீட்டில். அம்மா சொந்தக்காரர்களையெல்லாம் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தாள்.

நஸ்தாஸியாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். ஜன்னலோரம் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு உறைகிற நேரம் அது. படகும் ஓடாது, பனிவண்டி போகிற அளவுக்குப் பனி இறுகியும் இருக்காது. விமானமும் மூடுபனியில் இரண்டு நாளாக நின்றுவிட்டு அன்று காலைதான் ஓட ஆரம்பித்திருந்தது. கீழ்க் கிராமங்களிலிருந்து வர இடமே கிடைக்கவில்லை. அவள் கணவன் ஈவான் தினமும் போனில் "நாளைக்கு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

"பத்திரமா போ," என்றாள்.

"நான் இருக்கணுமா?"

 திரும்பி என்னைப் பார்த்தாள். புருவம் கொஞ்சம், நூலளவு, மேலே போனது.

வெளியே வந்து ஏஜென்சிக்குப் போன் செய்தேன். அரிசோனாக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்றார்கள். கோபித்துக்கொள்ளட்டும் என்றேன். மார்ட்டினாவிடம் இன்னும் ஒரு வாரம் இருக்கிறேன் என்றபோது அவர் காரணம் கேட்கவில்லை.

"சரி, டெல்ஃபீன். நாளைக்குக் காலை டியூட்டி எடுத்துக்க," என்றார்.

அம்மாவிடம்தான் பயம். எதிர்பார்த்தபடியே ஆரம்பித்தாள்.

"யாரோ பெத்த பொண்ணுக்காக நான் வெச்ச விருந்தை விட்டுட்டு நிக்கறியா?"

"போன தடவை குழந்தை தங்கலைம்மா. அவகூட யாரும் இல்ல."

"பொறந்ததும் எனக்குப் போன் பண்ணு," என்று வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் வலி எடுத்தது. உச்சிப்பொழுதுக்குள் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்க ஆரம்பித்தது. டாக்டர் சிசேரியன் என்றார். தியேட்டரில் நஸ்தாஸியாவுக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள், நினைவு முழுதாக இருந்தது. நெஞ்சுக்குக் குறுக்கே துணித்திரை. குழந்தையை வாங்கிக்கொள்ளும் மேஜை அவள் தலைப்பக்கம் இருந்தது, முகத்தைத் திருப்பினால் எங்களைப் பார்க்கலாம். எல்லோரும் மாஸ்க் போட்டிருந்தோம்.

பெண் குழந்தை. நீலம் பாரித்து, துணிபோலத் துவண்டு என் கைக்கு வந்தது. அழவில்லை. துடைத்தேன், முதுகைத் தேய்த்தேன், அழவில்லை. மார்ட்டினா சின்ன மாஸ்க்கை அதன் முகத்தில் வைத்து, அதோடு சேர்ந்த பையால் மூச்சுக் காற்றை உள்ளே அழுத்தினார். நான் தொப்புள்கொடியின் அடியில் விரலை வைத்தேன். துடிப்பு இருந்தது, ரொம்ப மெதுவாக.

அப்போது என் தலை தானாகக் குனியப் பார்த்தது. அந்த நகரத்து ஆட்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை என்று அந்தக் கணம் புரிந்தது. ஒரு தாயைப் பார்த்து அதைச் சொல்ல நிமிர்கிற கழுத்து யாருக்கும் கிடையாது. நான் வலுக்கட்டாயமாக நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துடிப்பு இருக்கு. மூச்சு இன்னும் வரலை. விடமாட்டோம்," என்றேன்.

மார்ட்டினா அழுத்திக்கொண்டே இருந்தார். கடவுளே, கடவுளே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே விரலை எடுக்காமல் நின்றேன். விரலுக்கடியில் துடிப்பு வேகம் பிடித்தது. பிறகு, யாரும் அழுத்தாமலே, அந்தச் சின்ன நெஞ்சு ஒரு தடவை எழும்பியது. இன்னொரு தடவை எழும்பியது.

சொல்ல வாயைத் திறந்தேன். பிறந்ததிலிருந்து ஓயாத என் வாயிலிருந்து காற்றுகூட வரவில்லை. புருவத்தைத் தூக்கினேன், எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு.

நஸ்தாஸியாவின் புருவமும் மேலே போனது. அதற்கப்புறம்தான் குழந்தை அழுதது, பூனைக்குட்டி மாதிரி.

சாயங்காலம் ஈவானுக்கு விமானத்தில் இடம் கிடைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. நான் வார்டு நடைக்கூடத்து ஜன்னலருகே நின்று அம்மாவுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"பொறந்துடுச்சா?"

நான் இரண்டு புருவத்தையும் தூக்கினேன்.

"டெல்ஃபீன், குழந்தை நல்லா இருக்கா? உசுரோட இருக்கா?"

கண்ணிலிருந்து தாரைதாரையாக வழிந்துகொண்டிருந்தது.

"அடியே, பதில் சொல்லுடி. வாயில என்ன கொழுக்கட்டையா?"

துவைத்த துணிக் கட்டோடு அந்தப் பக்கமாக வந்த மார்ட்டினா நின்று என் முகத்தைப் பார்த்தார். துணியைப் பெஞ்சில் வைத்துவிட்டு என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"அம்மா, உங்க பொண்ணு அப்போலேர்ந்து பதில் சொல்லிக்கிட்டேதான் இருக்கா," என்றார்.