தாடையில் ஒரு பள்ளம்

"நான் எலும்பைச் சுரண்ட மாட்டேன். கல்லைத்தான் சுரண்டுவேன். என் கையைப் பத்தி உனக்குத் தெரியாதாடி?"

"தெரியும்க்கா. அதனாலதான் இத்தனை வருஷம் கேக்காம இருந்தேன்."

மாடி வீட்டு அக்காவும் தங்கையும் கத்திக்கொண்டிருந்தார்கள். என் குளியலறைக் கூரையில் தண்ணீர் கசிகிறது என்று சொல்லப் போனேன். கசிவு போன மாதத்தது. இருந்தாலும், படியேற ஒரு காரணம் வேண்டாமா? கதவு திறந்துதான் கிடந்தது.

இருவருக்கும் அருங்காட்சியகத்தில் வேலை. பாறைக்குள் இருக்கும் எலும்பை ஊசியால் கல் நீக்கி எடுப்பவள் அக்கா. அது எந்தப் பிராணி என்று சொல்பவள் தங்கை. சாப்பாட்டு மேசையில், துண்டின் மேல் ஒரு தாடை இருந்தது. அதை வெளியே கொண்டுவரவே கூடாதாம். காய்கறிப் பையில் வந்ததை நானே ஜன்னலில் நின்று பார்த்தேன்.

நீண்ட கழுத்தும் நான்கு துடுப்புக் கால்களுமாகக் கடலில் நீந்தி, எப்போதோ பூண்டோடு அழிந்த ஊர்வன இனம் அது. தங்கைக்குப் பெயர் வாங்கித் தந்ததே, அக்கா கல் நீக்கிக் கொடுத்த இந்தத் தாடைதான். அந்தக் குடும்பத்தில் மற்றவற்றுக்கெல்லாம் ஒவ்வொரு பல்லுக்கும் தனிக் குழி, நடுவே மெல்லிய எலும்புச் சுவர். இதற்கு மட்டும் சுவரே இல்லாத ஒரே நீளப் பள்ளம். ஆகவே இது புதுப் பேரினம் என்று எழுதிப் பெயரும் வைத்துவிட்டாள். நம் பாஷையில் சொன்னால் தனிக்குடித்தனம்.

இப்போது அதே பாறையில் இன்னொன்று கிடைத்திருக்கிறது. கழுத்தெலும்பு, தோளெலும்பு, துடுப்பு எல்லாம் அச்சு அசல் இதேதான். பற்கள் மட்டும் தனித்தனிக் குழியில்.

"இந்தத் தாடையை லென்ஸ்ல பாத்தேன்க்கா. சுவர் இருக்க வேண்டிய இடத்துல மட்டும் கீறல் இருக்கு."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்க. எனக்குக் கை தவறுமா?"

"எனக்கென்னம்மா தெரியும், தண்ணி ஒழுகுதுன்னு சொல்ல வந்தேன்" என்றபடி நாற்காலியை இழுத்து வசதியாக உட்கார்ந்தேன்.

அவள் பதறியதற்குக் காரணம் உண்டு. தலை முதல் வால் வரை முழுசாக ஒரு கடல் பிராணி, பாறையோடு அருங்காட்சியகத்தில் வந்து இறங்கியிருந்தது. அந்த வேலை அவளுக்குத்தான் என்று மேலதிகாரி வாக்குக் கொடுத்திருந்தார். எலும்பைச் சுரண்டியவள் என்று தெரிந்தால் கொடுப்பாரா?

தாடையின் பின்முனையில் கொஞ்சம் கல் இன்னும் ஒட்டியிருந்தது. தங்கை அதைக் காட்டினாள். "இதை எடு. இங்கயும் பள்ளமா இருந்தா நான் வாயை மூடிக்கறேன்."

"நீயே எடு."

"எனக்கு வராது. உனக்குத்தான் வரும்."

இதைவிட ஒருத்தியை எப்படி மடக்க முடியும்? அக்கா ஊசியை எடுத்தாள். கல் பொடியாக உதிர்ந்தது. ஊதினாள், துடைத்தாள். ஒரு பல் தெரிந்தது. அதன் பக்கத்தில் காகிதம்போல ஏதோ, கல்லின் நிறத்திலேயே. பழகிய கை அதையும் கல் என்றே எடுத்துக்கொண்டது. பாதி சுவர் பொடியான பிறகுதான் ஊசி நின்றது.

அக்கா ஊசியைத் துண்டின் மேல் வைத்தாள்.

"எழுதப் போறியா?" என்றாள் அக்கா.

"நாம சொல்லலைன்னா வேற எவனாவது சொல்லுவான். போறது என் பேரினம்தானே."

"உனக்கு அது போகுது. எனக்குக் கையே போகுதுடி."

"உன் பேரை எழுத மாட்டேன்."

"அங்க ஊசி பிடிக்கறது வேற யாரு?"

தங்கை எழுதினாள். சுத்தம் செய்கையில் சுவர்கள் போய்விட்டன, இது பழைய பேரினமேதான் என்று. முழு எலும்புக்கூடு வெளியூரிலிருந்து வந்த ஒருத்திக்குப் போயிற்று. ஏன் என்று அக்கா கேட்கவில்லை. அதன்பின் ஊசிகளை வீட்டுக்கு எடுத்து வரவும் இல்லை.

அருங்காட்சியகத்தில் பிளாஸ்டரில் எலும்புப் பிரதி வார்ப்பவர் ஒருவர் அவளையே சுற்றிக்கொண்டிருந்தார். ஊசியிலிருந்து தலையை நிமிர்த்திய பிறகுதான் அவர் கண்ணில் பட்டார் போலிருக்கிறது. அவரைக் கட்டிக்கொண்டு அவருடைய ஊருக்கே போய்விட்டாள். தங்கை கல்யாணத்துக்குப் போனாள். சாப்பாட்டுக்கு நிற்காமல் திரும்பினாள். கொஞ்ச நாள் மாடியில் தனியாக இருந்து பார்த்தாள். பிறகு அவளும் மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள், அக்கா இருக்கும் ஊருக்கு அல்ல.