இடது பக்கம் மட்டும்

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவளை ஊரே ‘பிரேக் அக்கா’ என்றுதான் கூப்பிடும். கற்றுக்கொடுக்கிற காரில் ஆசிரியர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். பல வருடமாக அதன் மேலேயே காலை வைத்திருந்து பழகியதில், வீட்டில் டீ குடிக்கும்போது யாராவது வேகமாகக் குறுக்கே போனால்கூட அவள் கால் தன்னால் தரையை அழுத்தும். அவள் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, நின்று, பிறகுதான் நடப்பார்.

அவளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பெட்ரோல் வீணாவது அவளுக்குப் பொறுக்காது. கற்றுக்கொள்ள வந்தவர்களை வெறும் ரோட்டில் சும்மா சுற்றவிடாமல், தனக்கு எங்கே வேலையோ அங்கே ஓட்டச் சொல்வாள். கரண்ட் பில் கட்டுவது, மார்க்கெட், தையற்கடை எல்லாம் மாணவர் தயவில் நடக்கும். போன வருடம் அவளுடைய கடைவாய்ப் பல்லுக்கு வைத்தியம் முடிவதற்குள் மூன்று பேர் லைசென்ஸ் வாங்கிவிட்டார்கள்.

“ஓட்டக் கத்துக்க வந்தவங்களுக்கு எந்த ரோடா இருந்தா என்ன?” என்பாள்.

அந்தப் பழக்கம்தான் அவளைக் கோர்ட் வரை கொண்டுபோய் விட்டது. மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது ஒரு கல்லூரி மாணவி சிவப்பு விளக்கைத் தாண்டிவிட்டாள். அக்காவின் கால் பிரேக்கில்தான் இருந்தது. கண்தான் மடியில் இருந்தது. பையிலிருந்த தக்காளியில் அழுகியதைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பழகுகிறவர் செய்கிற தப்புக்குப் பக்கத்தில் இருக்கிற ஆசிரியர்தான் பொறுப்பு என்று கேஸ் அக்கா மேல் எழுதப்பட்டது. கோர்ட்டுக்கு வர ஒரு தேதியும் கொடுத்தார்கள்.

அந்தத் தேதியில் அக்கா ஒழுங்காகத்தான் கிளம்பினாள். ஆனால் அது பேக்கரிக்காரம்மாவின் வகுப்பு நேரம்.

பேக்கரிக்காரம்மாவுக்கு அக்காவைவிடப் பத்து வயது கூட. புருஷன் இறந்ததிலிருந்து பேக்கரியின் டெலிவரி வேன் ஷெட்டில் கிடந்தது. தானே ஓட்டினால்தான் கடை நிமிரும் என்று வந்து சேர்ந்தவர். முதல் நாள் ஸ்டீயரிங்கைச் சூடான தட்டைப் பிடிப்பது போலப் புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டுதான் பிடித்தார். கை நடுக்கம் நிற்கவே ஒரு வாரம் ஆனது.

“கோர்ட்டுக்குத்தான் போறோம். மெதுவா ஓட்டுங்க” என்றாள் அக்கா.

ஸ்கூலில் பாடத்துக்கு ஒரு வரிசை இருந்தது. முதல் வாரம் நேர் ரோடு. இரண்டாம் வாரம் இடது பக்கம் திரும்புவது. எதிரே வருகிற வண்டிகளைக் கடந்து வலது பக்கம் திரும்புவது மூன்றாம் வாரத்தில்தான். பேக்கரிக்காரம்மா இரண்டாம் வாரத்தில் இருந்தார். கோர்ட்டோ ரோட்டின் வலது பக்கம் இருந்தது.

கோர்ட் வாசல் தெரிந்தபோதுதான் அக்காவுக்கு இது உறைத்தது. ரோட்டின் நடுவே இடுப்பளவு சுவர். ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கலாமென்றால் அந்தத் தெரு முழுக்க வண்டி நிறுத்தக் கூடாது என்று பலகை. இருக்கிற கேஸுக்குத் துணையாக இன்னொன்று வேண்டாம் என்று, “இடது பக்கம் திரும்புங்க, சுத்திக்கிட்டு வரலாம்” என்றாள்.

சுற்றிக்கொண்டு வந்தார்கள். கோர்ட் மறுபடியும் வலது பக்கம் இருந்தது.

இடது பக்கமாகவே எத்தனை முறை திரும்பினாலும் அதே ரோட்டுக்கு, அதே திசையில்தான் வந்து சேர முடியும் என்பது, ஊருக்கே வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவளுக்கு மூன்றாவது சுற்றில்தான் புரிந்தது. நான்காவது சுற்றில் கோர்ட் வாசலில் நின்ற டீக்கடைக்காரர் இவர்களைப் பார்த்துக் கையசைத்தார். கடைசியில் ஊர்க்கோடி ரவுண்டானா வரைக்கும் போய்த் திரும்பி வந்து சேர்ந்தபோது, நீதிபதி எழுந்து போயிருந்தார், ஆட்கள் பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் பெயரை மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்து, ஆள் வரவில்லை என்று பிடிவாரண்ட் போட்டாயிற்று.

வீட்டில் அவள் இதைச் சொல்லவில்லை. “வாய்தா தள்ளிப் போட்டுட்டாங்க” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

அந்த வாரமே ஒரு போலீஸ்காரர் ஸ்கூலுக்கு வந்தார். மேஜை முன்னால் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர், வகுப்பில் சேர வந்திருக்கிறார் என்று எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“வாங்க சார். லைட்டா, ஹெவியா?”

“பிடிவாரண்ட்” என்றார் போலீஸ்காரர்.

வீட்டுக்காரர் உட்கார்ந்துவிட்டார், வந்தவருக்குப் போட்ட நாற்காலியிலேயே.

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். போலீஸ்காரர் நல்ல மனுஷன். அவருடைய மச்சினன் அக்காவிடம்தான் ஓட்டக் கற்றிருந்தான்.

“நாளைக்குக் காலைல நீங்களே வக்கீல வச்சு ஜட்ஜு ஐயா முன்னாடி போய் நின்னுடுங்க. வாரண்ட ரத்து பண்ணச் சொல்லி மனு குடுங்க. இல்லன்னா நான் வந்து கூட்டிட்டுப் போகணும், உங்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்.”

“ரத்து பண்ணலன்னா?”

“உள்ளதான். அதுகூடப் பரவால்ல, ரெண்டு நாள்ல வெளிய வந்துடலாம். ஸ்கூல் லைசென்ஸ் எப்ப புதுப்பிக்கணும்?”

“இந்த மாசம்.”

“வாரண்ட் நிலுவைல இருந்தா புதுப்பிக்க மாட்டாங்கக்கா. பார்த்துக்குங்க.”

அவர் போனதும் வீட்டுக்காரர் பீரோவைத் திறந்து ஒரு பையை எடுத்தார். போர்வை, சீப்பு, பல்பொடி எல்லாம் உள்ளே போயின.

“தலகாணி வைக்கட்டுமா? உனக்கு ஒசரமா இல்லன்னா தூக்கம் வராதே.”

“என்னை அனுப்பி வைக்கறதுலயே குறியா இருக்கீங்களே!”

“ஐயோ, நான் அப்படிச் சொல்லுவனா? நீ இல்லன்னா இந்த வீட்ல எனக்கு உப்பு எங்க இருக்குன்னுகூடத் தெரியாதே.” சொல்லும்போதே அவருக்குக் குரல் தழுதழுத்தது. உப்புக்காகவா, அக்காவுக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் கோர்ட் வராந்தாவில் அவளுடைய வக்கீல் காத்திருந்தார். மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. கோட்டு மட்டும் யாரோ பெரியவருடையது போலத் தொளதொளத்தது.

“காய்ச்சல்னு சொல்லிடுங்க மேடம். எல்லாரும் அதான் சொல்வாங்க.”

“எனக்குக் காய்ச்சல் வந்து ஏழெட்டு வருஷம் ஆச்சு.”

“அது அவருக்குத் தெரியாதுல்ல.”

உள்ளே அவளுக்கு முன்னால் மூன்று பேர் நின்றார்கள். முதல் ஆள் காய்ச்சல் என்றார். இரண்டாவது ஆளும் காய்ச்சல் என்றார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்றாவது ஆள் வயிற்றுப்போக்கு என்றதும், “பரவால்ல, ஒரு மாறுதலா இருக்கு” என்று கையெழுத்துப் போட்டார்.

அக்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள். கூண்டருகே போய்த் திரும்பினாள். கடைசி வரிசையில் பேக்கரிக்காரம்மா உட்கார்ந்திருந்தார். முழங்கையில் மாவுகூட உதிராமல், அடுப்படியிலிருந்து அப்படியே பஸ் ஏறி வந்திருந்தார். வீட்டுக்காரர்தான் அவரிடம் போய்ப் புலம்பியிருக்க வேண்டும்.

அக்கா நீதிபதி பக்கம் திரும்பிக்கொண்டாள். உண்மையைச் சொல்வது என்றால், ‘இந்தம்மாவுக்கு வலது பக்கம் திரும்பத் தெரியாது, அதனால்தான் வர முடியவில்லை’ என்று இத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும். சொன்னால் அந்தக் கை மறுபடி ஸ்டீயரிங்கைத் தொடாது. ஆனால் அன்று வண்டி ஓட்டிய அந்தம்மாவே பார்த்துக்கொண்டிருக்கும்போது காய்ச்சல் என்று புளுகவும் நா எழவில்லை.

“ஏன் வரல?” என்றார் நீதிபதி.

“வழி தவறிட்டேங்க ஐயா.”

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

“என்ன வேலை பார்க்கறீங்க?”

“டிரைவிங் ஸ்கூல் நடத்தறேங்க.”

கூடம் கொல்லென்று சிரித்தது. மணியைத் தட்டி அடக்கிவிட்டு நீதிபதி பேனாவை எடுத்தார். “ஊருக்கே ஓட்டச் சொல்லித் தர்றீங்க, கோர்ட்டுக்கு வழி தெரியாது. காய்ச்சலயாச்சும் நம்பலாம். விளையாட்டா இருக்கா உங்களுக்கு? இந்த மனுவ நான்—”

“ஐயா, அவங்க பொய் சொல்றாங்க!”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேக்கரிக்காரம்மா எழுந்து நின்றிருந்தார். நின்ற பிறகுதான் தான் நிற்பது அவருக்கே தெரிந்தது போல, முன்னால் இருந்த பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“வழியெல்லாம் தவறல. கோர்ட்ட நாங்க நாலு தடவ பார்த்தோம். நான்தான் ஓட்டினேன். எனக்கு எடது பக்கம்தான் திரும்பத் தெரியும். கோர்ட்ட வலது பக்கம் கட்டி வச்சிருக்கீங்க.”

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். “நான் கட்டலம்மா.”

“உங்களச் சொல்லலைங்க. வாசல்ல டீக்கடைக்காரர் இருக்காரு, அவரைக் கேளுங்க. நாலாவது தடவ எங்களுக்குக் கையகூட ஆட்டினாரு.”

நீதிபதி வாயைக் கையால் மூடிக்கொண்டு சற்று நேரம் ஃபைலைப் பார்த்தார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு அக்காவைப் பார்த்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

“சரி. நேரமாகுதுன்னு தெரியுது. ஒரு நிமிஷம் ஸ்டீயரிங்க நீங்க வாங்கி ஓட்டியிருந்தா வந்திருக்கலாம். ஏன் வாங்கல?”

அக்கா பேக்கரிக்காரம்மாவைப் பார்க்காமல், நீதிபதியைப் பார்த்தே சொன்னாள்.

“நடு ரோட்ல எறங்கச் சொல்லி நான் உக்காந்தா, அப்புறம் அவங்க ஏற மாட்டாங்க ஐயா. நான் பார்த்திருக்கேன். ஒரு தடவ எறக்கிவிட்டவங்க திரும்பி வந்ததே இல்ல. எனக்கு வாரண்ட் வரும்னு தெரியாது. தெரிஞ்சிருந்தாலும்…” அவள் கொஞ்சம் யோசித்தாள். “தெரிஞ்சிருந்தா அஞ்சாவது சுத்துல யோசிச்சிருப்பேன்.”

வக்கீல் எழுந்து எதையோ சேர்க்கப் பார்த்தார். நீதிபதி உட்காரச் சொல்லிக் கையமர்த்தினார்.

“வாரண்ட் ரத்து. ஆனா சிக்னல் கேஸ் அப்படியேதான் இருக்கு. அடுத்த வாய்தாவுக்கு யார் ஓட்டினாலும் சரி, யார் ஓட்டலன்னாலும் சரி, நீங்க நேரத்துக்கு இங்க நிக்கணும். புரியுதா?”

“புரியுதுங்க ஐயா.”

“நடந்துகூட வரலாம்.”

குமாஸ்தா உத்தரவு நகலைக் கையில் கொடுக்கும் வரை அக்காவுக்கு மூச்சு விட்டது நினைவில்லை. இதைக் கொண்டுபோய்க் காட்டினால் ஸ்கூல் லைசென்ஸ் புதுப்பித்துவிடுவார்கள். வராந்தாவில் வீட்டுக்காரர் பையைக் கட்டிக்கொண்டு நின்றார். தலையணை பாதி வெளியே தொங்கியது. “எத்தன நாள்?” என்றார். வாரண்ட் ரத்து என்று தெரிந்ததும், போர்வையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு காப்பி வாங்க ஓடினார்.

பேக்கரிக்காரம்மா மட்டும் தூணோரமாக, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

அக்கா மெல்லக் கிட்டே போனாள். “மன்னிச்சிடுங்கம்மா. உங்களப் போய் எல்லார் முன்னாடியும்…”

“பேசாதீங்க டீச்சர். எனக்கு வர்ற கோவத்துக்கு…”

“நாளைக்கு வகுப்புக்கு வருவீங்கல்ல?”

“வராம? காச வாங்கிட்டுப் பாதில விட்டுடுவீங்களா?” பேக்கரிக்காரம்மா மூக்கை உறிஞ்சினார். “எடது மட்டும்தான் தெரியும்னு நானே என் வாயால சொல்லிட்டேன். வந்த இடத்துல ஜட்ஜு, வக்கீல், போலீஸ் எல்லாம் சிரிச்சாச்சு. அது போகட்டும். நாலு சுத்து, அப்புறம் அந்த ரவுண்டானா, அவ்ளோ கூட்டத்துல ஒரு தடவகூட வண்டிய நான் ஆஃப் பண்ணல. அந்த ஒரு வார்த்தைய நீங்க ஐயாகிட்டச் சொன்னீங்களா?”

அக்கா யோசித்துப் பார்த்தாள். உண்மைதான். ஒரு தடவைகூட இன்ஜின் நின்று வண்டி ஆஃப் ஆகவில்லை.

“தப்புதாம்மா. இப்ப உள்ள போய்ச் சொல்லிட்டு வரட்டுமா?”

பேக்கரிக்காரம்மா கூடத்தை எட்டிப் பார்த்தார். உள்ளே அடுத்த ஆள் காய்ச்சல் என்று ஆரம்பித்திருந்தார்.

“இப்ப வேணாம். அவரு வேலையா இருக்காரு” என்றார். “அடுத்த வாய்தாவுல சொல்லுங்க.”